ஆயிரம் ரூபாய் அபராதமும் மூன்று வருஷப் படிப்பும்

முக்கூடல் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஓர் அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பல வருஷம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன் என்பதால் சர்டிபிகேட், விண்ணப்பம் என்று யாராவது தேடி வருவது வழக்கம்தான். "சார், இது செல்லுமா செல்லாதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நீட்டினார்கள். பீடி இலை வெட்டி வெட்டி, கத்தரி பிடிக்கிற விரலில் காய்ப்புக் காய்த்திருந்தது.

ஃபைலுக்குள் மூன்று வருஷ லேப் டெக்னாலஜி பட்டம். நல்ல கனமான தாள். தங்க நிறத்தில் முத்திரை, மூலையில் மின்னுகிற ஹோலோகிராம், கீழே ஒரு க்யூஆர் கோடு. ஃபோனை வைத்துப் பார்த்தால் ஓர் இணையதளம் திறக்கிறது. பெண்ணின் பெயரும் பக்கத்தில் பச்சை டிக்கும் வருகின்றன. அந்த இணையதளத்தை நடத்துவதும் சர்டிபிகேட் கொடுத்தவர்கள்தான். பல்கலைக்கழகத்தின் முகவரி வடக்கே ஒரு மாநிலத்தில். வகுப்பு நடந்ததோ இங்கே, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காம்ப்ளெக்ஸின் இரண்டாவது மாடியில். பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் நான்கு வரிகள்: டிரஸ்ட் சட்டத்தின்படி பதிவு பெற்றது, ஐஎஸ்ஓ சான்று பெற்றது, தன்னாட்சி அமைப்பு, இந்தியா முழுவதும் செல்லும்.

வேலைக்குப் போன இடத்தில் பட்டத்தைச் சரிபார்க்க அனுப்பியிருக்கிறார்கள். அப்படி ஒரு பல்கலைக்கழகமே கிடையாது என்று பதில் வந்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

அந்தப் பெண் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இவ்வளவு நாளா இவங்கள ஏன் சார் யாரும் பிடிக்கல?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

பட்டம் கொடுக்க யாருக்கு உரிமை

1956ஆம் வருஷத்துப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், அதாவது யு.ஜி.சி. சட்டம், இதைத் தெளிவாகவே சொல்கிறது. அதன் 22ஆம் பிரிவுப்படி பட்டம் கொடுக்கும் உரிமை மூன்று வகை அமைப்புகளுக்கு மட்டும்தான். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தின் கீழ் அமைந்த பல்கலைக்கழகம் ஒன்று. யு.ஜி.சி. சட்டத்தின் 3ஆம் பிரிவில் அறிவிக்கப்பட்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இன்னொன்று. ஐஐடி, எய்ம்ஸ் போல நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம் மூன்றாவது. இதில் முதல் வகையில் சேராத யாரும் 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளக் கூடாது என்கிறது 23ஆம் பிரிவு.

நம்மூர் திருநெல்வேலியை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். பாளையங்கோட்டையில் தூய யோவான் கல்லூரி 1878இல் தொடங்கியது. சாராள் தக்கர் கல்லூரி 1895. தூய சவேரியார் கல்லூரி 1923. இத்தனை பழைய கல்லூரிகளில் எதுவும் தன் சொந்தப் பெயரில் பட்டம் கொடுப்பதில்லை. 1990இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்து, தனிச் சட்டம் போட்டு அமைத்த மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம்தான் கொடுக்கிறது. சவேரியார் கல்லூரி தன்னாட்சி பெற்றது. பாடத்திட்டத்தைத் தானே வகுக்கலாம், தேர்வைத் தானே நடத்தலாம் என்பதுதான் அந்தத் தன்னாட்சிக்கு அர்த்தம். பட்டம் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டியிலிருந்துதான் வர வேண்டும். நூறு வருஷம் கடந்த கல்லூரிக்கே இல்லாத உரிமை இரண்டாவது மாடிக்கு எப்படி வந்தது?

இங்கே மூன்று சொற்கள் ஒன்றோடொன்று குழம்பிப்போகின்றன. அங்கீகாரம் என்பது பட்டம் கொடுக்கவோ ஒரு படிப்பை நடத்தவோ சட்டம் தரும் அனுமதி. இணைவு என்பது ஒரு கல்லூரி இன்ன பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது என்பது. நாக் (NAAC) என்ற தேசிய மதிப்பீட்டுக் குழுவின் தரச்சான்று, ஏற்கெனவே அங்கீகாரம் உள்ள நிறுவனம் எவ்வளவு நன்றாக நடக்கிறது என்று போடும் மதிப்பெண். ஐஎஸ்ஓ இந்த மூன்றிலும் சேராது. அலுவலக நடைமுறைக்குக் கொடுக்கும் சான்று அது, ஜவுளிக்கடைகூட வாங்கலாம். டிரஸ்ட் பதிவு அதைவிட எளிது, யார் வேண்டுமானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்யலாம். 'அரசாங்கத்தில் பதிவு பெற்றது' என்ற வரி பொய்யில்லை. பொய்யில்லாத வரியை வைத்துப் பொய்யான எண்ணத்தை உண்டாக்குகிறார்கள் என்பதுதான் கொடுமை.

அதோடு லேப் டெக்னாலஜி, நர்சிங், பார்மசி, பி.எட்., சட்டம் போன்ற படிப்புகளுக்குப் பல்கலைக்கழகம் மட்டும் போதாது. அந்தந்தத் துறைக்கு உரிய கவுன்சிலும் ஒத்துக்கொள்ள வேண்டும். கல்லூரி உண்மையானது, பல்கலைக்கழகமும் உண்மையானது, ஆனால் புதிதாகத் தொடங்கிய அந்த ஒரு கோர்ஸுக்கு மட்டும் அனுமதி வந்திருக்காது. 'அப்ளை பண்ணியிருக்கோம், அடுத்த மாசம் வந்துரும்' என்று சொல்லிச் சேர்த்துவிடுவார்கள். முழுப் போலியைவிட இதில் மாட்டுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகம் வருத்தமாக இருக்கிறது. விசாரித்துப் பார்த்துச் சேர்ந்தவர்களும் ஏமாறுகிற இடம் இது.

பட்டியலில் இல்லாவிட்டால் நல்லதா?

யு.ஜி.சி. அவ்வப்போது போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. 2021இல் மக்களவையில் சொன்ன கணக்கு 24. 2023 ஆகஸ்ட் பட்டியலில் 20, அதில் டெல்லி மட்டும் 8. இரண்டு பட்டியலிலும் தமிழ்நாட்டுப் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. புதுச்சேரி இருந்தது, கேரளம் இருந்தது. கேரளத்தில் கிஷநட்டம் என்ற இடத்தின் பெயரோடு பல வருஷமாகப் பட்டியலில் இருந்தது ஒரு செயின்ட் ஜான்ஸ் யுனிவர்சிட்டி. நம் பாளையங்கோட்டை யோவான் கல்லூரிக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் புளியரையைத் தாண்டினால் கேரளம் என்கிற ஊரில், அந்தப் பெயரைக் கேட்டு ஒரு தகப்பனார் நம்பிவிட்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

தமிழ்நாட்டுப் பெயர் இல்லை என்பதில் நாம் நிம்மதி அடைய ஒன்றும் இல்லை. தலைமை அலுவலகம் எங்கோ இருக்கும்; பிள்ளைகளைச் சேர்ப்பதும் பணம் வாங்குவதும் இங்கே 'ஸ்டடி சென்டர்' என்ற பெயரில் நடக்கும். ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லையைத் தாண்டி வெளிமாநிலத்தில் ஸ்டடி சென்டர் வைக்கக் கூடாது, வேறொருவருக்குக் குத்தகைக்கு விடுவது போல உரிமம் கொடுத்து நடத்தவும் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லி வருஷங்கள் ஆகின்றன. அப்படியிருந்தும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வண்ணார்பேட்டையிலிருந்து சமாதானபுரம் வரை மின்கம்பம் மின்கம்பமாகத் தொங்கும் விளம்பரங்களைப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போலிப் பட்டியலில் இல்லை என்பதால் ஒரு நிறுவனம் உண்மையானது ஆகிவிடாது. யு.ஜி.சி.யின் கண்ணில் பட்டவை மட்டும்தான் அதில் இருக்கும். பார்க்க வேண்டியது அங்கீகாரம் பெற்றவற்றின் பட்டியலை. தொலைநிலைப் படிப்பு என்றால் அதற்கான தனிப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தக் கோர்ஸ், அந்த வருஷம் மூன்றும் பொருந்த வேண்டும். 2024 முதல் தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேரும் மாணவர் யு.ஜி.சி. தளத்தில் தாமே பதிந்து ஓர் அடையாள எண் பெற வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. 'அதெல்லாம் நாங்களே பாத்துக்கிடுதோம்' என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

பத்துப் பவுன் அபராதம்

சரி, பிடித்தால் என்ன தண்டனை? யு.ஜி.சி. சட்டம் 24ஆம் பிரிவு: ஆயிரம் ரூபாய் வரை அபராதம். சிறை கிடையாது.

1956இல் ஆயிரம் ரூபாய்க்குப் பத்துப் பவுனுக்குக் குறையாமல் நகை எடுக்கலாம். அன்றைக்கு அது உறைக்கிற தொகைதான். பவுன் எங்கேயோ போய்விட்டது, 24ஆம் பிரிவு அங்கேயே நிற்கிறது. ஒரு மாணவரிடம் வாங்குகிற விண்ணப்பக் கட்டணமே அந்தத் தொகை வரலாம். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

தொகை சிறியதாக இருப்பது பாதிக் குறைதான். அபராதம் மட்டுமே தண்டனை என்கிற குற்றத்தில் போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்க முடியாது, மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். அப்படிப்பட்ட குற்றத்தை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளக் காலக்கெடு ஆறே மாதம். தொடர்ந்து நடக்கும் குற்றம் என்று காட்டினால் கெடு நீளும் என்றாலும், அதை எடுத்துக் காட்டி வாதாட ஓர் ஆள் வேண்டும் அல்லவா? யு.ஜி.சி. டெல்லியில் இருக்கிறது. அது மாநில அரசுக்குக் கடிதம் எழுதும். மாநில அரசு மாவட்டத்துக்கு எழுதும். கடிதம் வந்து சேர்வதற்குள் மாடியில் போர்டு மாறியிருக்கும். 2010இல் கல்வி நிறுவன முறைகேடுகளைத் தடுக்க ஒரு மசோதா மக்களவைக்கு வந்தது. 2014இல் அவை கலைந்தபோது அதுவும் காலாவதியாகிவிட்டது.

இதையெல்லாம் விட என்னை உறுத்துவது ஒன்று. அந்த ஆயிரம் ரூபாயைக் கட்டினாலும் அது அரசாங்கக் கஜானாவுக்குப் போகும். முக்கூடல் பெண்ணுக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

நீதிமன்றங்கள் மாணவரை எப்படிப் பார்த்தன

1986இல் ஆந்திராவில் ஒரு சங்கம் அனுமதியில்லாமல் மருத்துவக் கல்லூரி தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சேர்ந்துவிட்ட மாணவர்களைத் தேர்வு எழுதவாவது விடுங்கள் என்று கேட்டார்கள். சட்டத்தை மீறும்படி பல்கலைக்கழகத்துக்கு நாங்களே உத்தரவு போட முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டப்படி அது சரி. நாளைக்கு நமக்கு ஊசி போடப்போகிற டாக்டரைப் பற்றிய விஷயம், இரக்கம் பார்த்து விட முடியாது. ஆனால் பிள்ளைகளின் நிலைமை என்ன ஆயிற்று? அங்கீகாரமில்லாத கல்லூரியில் சேர்ந்தவர்களின் இரக்க மனுக்களைத் தள்ளுகிறபோது இந்தத் தீர்ப்பைத்தான் இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

2005 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு கொஞ்சம் வேறு மாதிரி. சத்தீஸ்கர் அரசு 2002இல் ஒரு சட்டம் போட்டு, அதன் கீழ் 112 தனியார் பல்கலைக்கழகங்களை அறிவித்திருந்தது. கட்டடம், ஆசிரியர் எதுவும் இல்லாமல் வெறும் அறிவிப்பிலேயே பல பல்கலைக்கழகங்கள். யு.ஜி.சி.யின் முன்னாள் தலைவரும் விஞ்ஞானியுமான பேராசிரியர் யஷ்பால் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதாக்கியது. அதோடு நிற்காமல், ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் கெட்டுப்போகாமல் இருக்க அந்த நிறுவனங்களை மாநிலத்தின் பழைய பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழி பார்க்கலாம் என்றும் சொன்னது. மூடுவதோடு உள்ளே இருக்கும் பிள்ளைகளையும் நினைத்துப் பார்த்த தீர்ப்பு அது.

2017 நவம்பர் தீர்ப்பு நம்மவர்கள் பலரை நேராகத் தொட்டது. தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் தபால் வழியில் எஞ்சினியரிங் பட்டம் கொடுத்த நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அதில் ஒன்று சேலத்தில். 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டத்தை நிறுத்திவைத்து, தனியாக ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். நிகர்நிலைகள் 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லைப் பெயரில் போடக் கூடாது என்ற உத்தரவும் அந்த வழக்கில் வந்ததுதான். கட்டணம் திரும்பியது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு வாங்கி, கல்யாணம் முடித்து, வீட்டுக் கடன் எடுத்திருந்தவர்கள் நாற்பது வயதில் மறுபடி பரீட்சை எழுதப் போனார்கள்.

இவற்றைவிட நான் மதிக்கிற தீர்ப்பு 2009இல் வந்த ஒன்று. அதிகம் பேசப்படாதது. பாட்னாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, மகத் பல்கலைக்கழக இணைவும் பல் மருத்துவக் கவுன்சில் அங்கீகாரமும் இருப்பதாக விளம்பரம் செய்து மாணவர்களைச் சேர்த்தது. இரண்டும் இல்லை. பதினொரு மாணவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்கள். கட்டிய பணத்தை 12 சதவீத வட்டியோடு திருப்பிக் கொடு, மேலே நஷ்டஈடும் கொடு என்று தேசிய ஆணையம் சொன்னதை உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. பணம் கஜானாவுக்குப் போகாமல் பாதிக்கப்பட்டவர் கைக்கு வந்தது.

கல்வி ஒரு 'சேவை'யா, நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பதில் தீர்ப்புகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. வராது என்று தேசிய ஆணையம் 2020 ஜனவரியில் சொல்லி, அதன் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. எதிர்த் தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் நீட்டுவார். என் வாதம் இது: கல்வி நிறுவனமாக இருப்பதற்கே உரிமை இல்லாத இடம், கல்வி நிறுவனத்துக்குக் கிடைக்கும் விலக்கைக் கேட்க முடியாது. பாட்னா வழக்கு இன்னும் சட்டமாகத்தான் நிற்கிறது.

திருநெல்வேலியிலிருந்து என்ன செய்யலாம்

முதலில் போலீஸ். யு.ஜி.சி. சட்டத்தை மட்டும் சொல்லிப் புகார் எழுதினால் ஸ்டேஷனில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏமாற்றிப் பணம் வாங்கியதைச் சொல்லி எழுத வேண்டும். மோசடிக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318(4)இல் ஏழு வருஷம் வரை சிறை உண்டு, போலீஸ் நேராக வழக்குப் பதியலாம். பணம் வாங்கியது 2024 ஜூலை 1க்கு முன்பு என்றால் பழைய 420ஆம் பிரிவு. ஸ்டேஷனில் எடுக்கவில்லையா, மாநகரத்துக்குள் என்றால் கமிஷனர், வெளியே என்றால் எஸ்.பி., அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். மேலே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது.

அப்புறம் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தில் வந்த ஒரு மாற்றம் நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்குப் பெரிய வரம்: எதிர்த்தரப்பு எங்கே இருந்தாலும், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வடக்கே இருக்கும் 'பல்கலைக்கழகம்' இங்கே வந்து பதில் சொல்லட்டும். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. ஒரே வகுப்பில் ஏமாந்த பிள்ளைகள் சேர்ந்து ஒரே புகாராகவும் கொடுக்கலாம். கெடு மட்டும் இரண்டு வருஷம்.

மூன்றாவதாக, கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகம். நுகர்வோர் உரிமை மீறல் பற்றி விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு கலெக்டருக்குக் கொடுத்திருக்கிறது. பொய் விளம்பரத்துக்கு இரண்டு வருஷம் வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். யு.ஜி.சி. சட்டத்தின் ஆயிரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். திங்கள்கிழமை மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுகிறவர்களை நான் இதுவரை பார்க்கவில்லை. எழுத வேண்டும்.

அதிகாரிகளிடம் ஒன்று கேட்க ஆசை. இப்படி ஓர் இடத்தைப் பூட்டி சீல் வைக்கப் போகும்போது, பூட்டுவதற்கு முன்பு சேர்க்கைப் பதிவேட்டையும் பிள்ளைகளின் ஒரிஜினல்களையும் எடுத்துவிடுங்கள். பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் இவர்கள் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் வருஷமே சந்தேகம் வந்த பிள்ளைகூட, ஒரிஜினல் அவர்கள் கையில் இருப்பதால் வாய் திறக்காமல் மூன்றாம் வருஷக் கட்டணமும் கட்டுகிறது. சீல் வைத்தால் ஒரிஜினலும் உள்ளே போய்விடும். நடத்தியவரின் வங்கிக் கணக்கையும் அன்றைக்கே முடக்கினால்தான் பின்னால் தீர்ப்பு வரும்போது திருப்பிக் கொடுக்கப் பணம் இருக்கும்.

முக்கூடல் அம்மாவிடம் ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். முதல் வருஷத்துக்கு மட்டும் கொடுத்தார்களாம், அப்புறம் ஏஜென்டிடம் கையில் கொடுத்தது. மறுநாள் ஃபோனில் அழைத்தார்கள். இரண்டாம், மூன்றாம் வருஷப் பணத்தை மகளிர் குழுக் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். குழு நோட்டில் தேதியும் தொகையும், 'மகள் காலேஜ் ஃபீஸ்' என்ற குறிப்பும் இருக்கின்றன. பெண்ணின் ஃபோனில் ஏஜென்டின் வாட்ஸ்அப் செய்திகளும் அழிக்காமல் இருக்கின்றன. கூடப் படித்தவர்களில் நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஒருத்தி இப்போது கடையநல்லூரில் மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறாள். பட்டம் செல்லாது என்ற பதில் வந்த தேதியிலிருந்து எட்டு மாதம் ஓடியிருக்கிறது. இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது. வருகிற திங்கள்கிழமை ஐந்து பேரும் பாளையங்கோட்டைக்கு வருகிறார்கள். புகாரை நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.